சூடு ஆறுவதற்குள் பார்த்திருக்கலாம்

ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை என்பது பாதி நேரம் ஒயரைப் பார்ப்பது, மீதி நேரம் யார் சொல்வது உண்மை என்று பார்ப்பது. நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் வருகிறவர்களிடம் வசவு வாங்கியிருந்தால் நீங்களும் நம்ம கூட்டம்தான், உங்களுக்கு இது புரியும். உழவர்கரையில் என் பட்டறை. கார்களில் சென்சார் என்கிற சமாசாரம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது.

எழும்பாத முள்

சவரிராஜ் ஒரு வீட்டுக் காருக்கு டிரைவர். முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற நம்ம ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. ஒருநாள் ஸ்பீடோமீட்டர் முள் எழும்பவில்லை, கிலோமீட்டரும் ஏறவில்லை. சொந்தச் சவாரியை மறைக்க டிரைவர்தான் ஒயரைக் கழற்றிவிட்டான் என்று முசியே முடிவே கட்டிவிட்டார்.

கியர்பாக்ஸில் இருக்கிற வேக சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓம் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் வெறும் 1. உள்ளே இருக்கிற காயில், அதாவது கம்பிச்சுருள், அறுந்துவிட்டது என்று அர்த்தம். முசியே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சவரிராஜ் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இந்த டப்பா எனக்கு சாட்சி சொல்லிடுச்சுண்ணே!"

டீ முதலில்

சில மாதம் கழித்து அதே கார் ஓடும்போதே நிற்க ஆரம்பித்தது. கால் மணி நேரம் போனால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். முசியேவை ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்துவர இரண்டு தடவை லேட். எங்கோ அரட்டை அடித்துவிட்டு வந்து கதை விடுகிறான் என்பது அவர் கட்சி. மூன்றாம் தடவை என் பட்டறைத் தெருவிலேயே நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவன், "இப்பவே பாருங்கண்ணே, ஆறிட்டா ஓடிடும்" என்று கெஞ்சினான்.

எங்கள் பட்டறை வழக்கம் வேறு. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிப்போம். சூடு தணிந்த பிறகுதான் கை வைப்போம். கை சுட்டு வந்த ஞானம். அவனுக்கும் ஒரு டீ சொன்னேன். குடித்து முடித்து எஞ்சின் வேக சென்சாரை அளந்தேன், அது போனால் எஞ்சின் நின்றுவிடும். எண்ணூற்றைம்பது ஓம், கச்சிதம். ஒயர்களும் சரி. முசியே போனில் கேட்டபோது அப்படியே சொன்னேன். அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். காரணமும் என்னிடமே சொன்னார்: "மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா, இவனுக்குத்தான் தெரியும்."

பாலத்து வெயில்

அடுத்த மாதம் முசியேவே ஓட்டிப்போனபோது அரியாங்குப்பம் பாலத்தில் கார் நின்றது. அவர் போன் செய்ததும் பைக்கில் ஓடினேன். டீக்கு வழியில்லை, பின்னால் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. விரல் சுடச் சுட அதே எஞ்சின் சென்சாரில் மீட்டரை வைத்தேன். இடது ஓரத்தில் வெறும் 1. சூட்டில் விட்டுப்போகிற காயில், ஆறினால் சேர்ந்துகொள்கிறது. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். முசியே ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப நாம ரெண்டு பேரும் சேந்துதான் அவனைத் தொரத்துனோமா?"

இன்னொரு வீடு

சவரிராஜ் பெரிய மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மூட்டை இறக்கும் இடத்திலேயே போய் நின்றோம். முசியே வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வேலைய அப்புறம் பேசிக்கலாம் முசியே. அண்ணே, நீங்க மொதல்ல எங்க வூட்டுக்கு வந்து சொல்லுங்க. எம்பொண்டாட்டியும் உங்க மீட்டரைத்தான் நம்புனா."

இப்போதெல்லாம் என் பட்டறையில் மீட்டர் முதலில், டீ அப்புறம். அன்று சவரிராஜ் வீட்டில் மட்டும் டீ முதலில் வந்தது, அது ஆறிப்போகும்வரை நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.