எல்லாப் பூவும் என் கடையைப் பார்த்தே பூத்தது

பூச்செடி விற்கிறவன் பூவைக் கண்டால் சந்தோஷப்படுவான் என்று நினைப்பவர்களுக்கு எதிர்க்கடை இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. புளத்கொகுபிட்டிய ரோட்டில் நான் இந்தப் பக்கம், என் சகலை மோகன் அந்தப் பக்கம். எதிர்க்கடை உள்ளவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

செத்த கிழங்கு

நுவரெலியாவிலிருந்து வந்த லொறியில் ஒரே கூடை கிளாடியோலஸ் கிழங்கை நாங்கள் இருவரும் பாதி பாதியாக எடுத்தோம். தட்டையான உருண்டை, மேலே பழுப்பு நிறச் சருகுத் தோல். பார்த்தால் வெங்காயம் என்று தோன்றும். உரித்தால் வெங்காயம்போல அடுக்கு இருக்காது, உள்ளே கெட்டியாக ஒரே சதை.

ஒரு டீச்சர் என்னிடம் வாங்கிப்போய் நட்டார். பூத்து முடிந்து, இலையெல்லாம் காய்ந்த பிறகு தோண்டிப் பார்த்திருக்கிறார். கையில் ஒரு சுருங்கிய வில்லையோடு சண்டைக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மோகன் கத்தினான், வருசா வருசம் பழைய கிழங்கு தன்னையே கொடுத்துவிட்டுச் சுருங்கிவிடும், அதன் தலையில் புதுசு உட்காரும் என்று. எனக்கும் தெரிந்த விஷயம்தான், அவன் முந்திக்கொண்டான். டீச்சர் அவன் கடைக்கே போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத நீங்கள்ல சொல்லியிருக்கணும்?"

கவ்வாத்துக் கை

விற்றது போக மீதிக் கிழங்கை இருவரும் அவரவர் கடை முன்னால் பாத்தி கட்டி நட்டோம். முதல் வருசம் இரண்டு கடையிலும் சரிசமமாகப் பூத்தது. கித்துல்கலயிலிருந்து ஒரு ஹோட்டல் மேனேஜர் வந்து பார்த்தார். அடுத்த பூவுக்கு வருவேன், யாரிடம் நன்றாக இருக்கிறதோ அவரிடமே ஹோட்டலுக்கு நிரந்தரமாக வாங்குவேன் என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பூ முடிந்ததும் கத்தியை எடுத்தேன். பதினெட்டு வருசம் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கை இது. வெட்ட வெட்டத்தான் செடி துளிர்க்கும் என்பது அந்தக் கையில் ஊறிப்போயிருந்தது. வாள்போல விசிறியாக நின்ற பச்சை இலைகளைத் தரையோடு சீவிவிட்டேன். மோகனோ தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவன், கத்தி பிடிக்கத் தெரியாது. அவன் பாத்தியில் இலைகள் பழுத்து, சாய்ந்து, பார்க்கச் சகிக்காமல் கிடந்தன. செடி வாங்க வந்த ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் சொன்னதை நான் ஒரு மாதம் மனதுக்குள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்: "பாத்தின்னா இப்பிடி இருக்கணும்ங்க!"

அடியிலிருந்து நுனிவரை

அடுத்த முறை அவனுக்குத் தண்டு தண்டாக மொட்டு வந்தது. எனக்கு வெறும் இலை. தோண்டினால், எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்த கிழங்கு கோலிக்குண்டாகிக் கிடந்தது. ராத்திரியில் வந்து ஏதாவது செய்திருப்பானோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். வெட்கம்தான், ஆனால் சந்தேகப்பட்டேன்.

இந்தச் செடி ஒரே நாளில் பூத்துத் தொலையாது. அடி மொட்டு முதலில் விரியும், பிறகு அதற்கு மேலே, பிறகு அதற்கும் மேலே. பத்து நாள் வயிற்றெரிச்சல். போதாததற்கு, தண்டில் உள்ள பூக்களெல்லாம் அநேகமாக ஒரே பக்கம்தான் முகம் காட்டும். அந்தப் பக்கம் என் கடை! தினமும் காலையில் அவன் கடையில் எத்தனை விரிந்திருக்கிறது என்று எண்ணுவேன். ஒருநாள் என் சம்சாரம் தேத்தண்ணியைப் பலகையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்க கண்ணு படுறதுலயே அது இன்னும் நல்லா பூக்குது போல."

மேனேஜர் வந்த நாள்

மேனேஜர் முதலில் என் கடைக்குத்தான் வந்தார். சுத்தமான பாத்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூ எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்: "கோ முதலாளி, மல் கோ?"

குட்டிகள்

ஹோட்டல் ஓடர் மோகனுக்குப் போனது. சாயந்தரம் ரோட்டைத் தாண்டிப் போய், என்ன உரம் போட்டாய் என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"ஒரமெல்லாம் இல்லண்ணே. பூ முடிஞ்சாலும் எலைய வெட்டக்கூடாது. எலைதான் கீழ புதுக் கெழங்குக்குச் சாப்பாடு அனுப்புது. நீங்க தேயிலைன்னு நெனச்சிட்டீங்க" என்றான். அவன் கேலி செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பாவி, அக்கறையோடு சொன்னான். பிறகு தாய்க்கிழங்கைச் சுற்றி முளைத்திருந்த மிளகு மிளகான குட்டிகளை உதிர்த்து, ஒரு பேப்பரில் மடித்து என் கையில் வைத்தான்: "ரெண்டு மூணு வருசத்துல பூத்துரும்ணே, அதுவரைக்கும் நம்ம கடைப் பூவப் பாருங்க!"

குட்டிகளை நட்டுவிட்டேன், ஒரு இலையைக்கூடத் தொடவில்லை, அவை முதல் பூ விடும் நாளில் மோகன் கடையைப் பூட்டிவிட்டு எங்கும் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே வேண்டுதல்.