வடக்கில் காடு எரியவில்லையாம்

இலங்கையில் வருடாவருடம் எரிகிற காடுகளிலிருந்து எவ்வளவு காபனீரொட்சைட்டு வாயு காற்றில் கலக்கிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அப்போது என் வேலை. அரசாங்கத்துக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கிற சின்னக் கொம்பனி. தலைநகரில், ஹெவ்லொக் டவுனில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தது. போர் திரும்பவும் தொடங்கியிருந்தது. நானும் கணவரும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம்.

செய்மதி வானத்திலிருந்து எடுக்கிற படத்தில் தீ தெரிகிற இடமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. இன்டர்நெட்டில் யாரும் எடுக்கலாம். கோடையில் மலைப்பக்கம் புல்லுக்குத் தீ வைப்பார்கள், வடக்கே வன்னியில் சேனைப் பயிர் வைக்கக் காட்டை வெட்டிக் கொளுத்துவார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். அந்த வருடமோ கார்த்திகை மாதத்திலும், முகில் விலகின நாட்களில், வன்னியில் புள்ளிகள் தெரிந்தன. மழையில் ஊறின காடு தானாக எரியாது. எதனால் எரிந்தது என்று செய்மதி சொல்லாது. எரிந்தது என்று மட்டும் சொல்லும். எங்கள் கணக்குக்கு அது போதும்.

அலுவலகத்துக் கலர் பிரின்டர் பழுதாகிப் போனதால், பெரிய படமாக எடுத்து வரும்படி பணிப்பாளர் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார். படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு பொலிஸ்காரர் என் கையிலிருந்ததை விரித்தார்.

“மே மொக்கத?” இது என்ன என்று கேட்டார்.

காட்டுத்தீ என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். போர் நடக்கிற வன்னி, அதன்மேல் சிவப்புப் புள்ளிகள். பிறகு அடையாள அட்டையைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் என் கைப்பையை மேசையில் கொட்டினார்கள். சாப்பாட்டுப் பெட்டியைக்கூட ஒரு பெண் பொலிஸ் திறந்து மோந்து பார்த்தாள்.

“இதை யாருக்குக் குடுக்கப் போறாய்?” என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

“எங்கட ஒஃபிசுக்கு. எரியிற காட்டில இருந்து எவ்வளவு புகை வருது எண்டு கணக்கெடுக்க.”

“புகையை எண்ணச் சம்பளமா?” அறையே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் கொதித்தது. அவர்களுடைய அரசாங்கம் கேட்ட கணக்கு அது.

பொழுதுபடப் பணிப்பாளர் வந்தார். அவர் சிங்களவர், நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். “பாவம், இவளுக்கு ஒன்றும் விளங்காது. இனி இப்படி நடக்காது” என்று அதிகாரியிடம் கைகட்டிச் சொல்லி என்னை வெளியே எடுத்தார். படத்தை அவர்கள் தரவில்லை.

காரில் ஏறியதும் கேட்டேன். “நீங்கள்தானே சேர் என்னை அனுப்பினது? எனக்கு என்ன விளங்காது?”

“அப்படிச் சொல்லாவிட்டால் நீ இன்னும் அங்கேதான் இருந்திருப்பாய்.” காரைக் கிளப்பினார். “இனி வடக்கை விட்டுவிடு.”

“விட்டால் அறிக்கையில வடக்குக்கான கட்டத்தில என்ன போடுறது?”

“சைபர்.”

“சைபர் எண்டா எரியேல்லை எண்டு அர்த்தம் சேர். தெரியாது எண்டாவது போடுவம்.”

“தெரியாது என்று போட்டால், ஏன் தெரியாது என்று கேட்பார்கள்.”

வீட்டில் கணவர், “முழுசா வந்திட்டாய், அது காணும். விடு” என்றார். அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது.

நான் “தரவு இல்லை” என்றே எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது அங்கே சைபர் இருந்தது.

பிறகு ஒரு பெரிய ஹோட்டலில் அறிக்கையை வெளியிட்டார்கள். பல வருடக் கணக்கைத் திரையில் ஒரு கோடாகக் காட்டினார்கள். போர் திரும்பவும் மூண்ட வருடத்தில் கோடு சறுக்கிக்கொண்டு இறங்கியது. காட்டைக் காப்பாற்ற எடுத்த முயற்சிகளின் பலன் என்று ஒருவர் பேசினார். கைதட்டினார்கள். விருந்தினராக வந்திருந்த வெள்ளைக்காரர்களும் தட்டினார்கள்.

நான் எழும்பினேன். “இதில வடக்கு இல்லை. காடு எரியிறது குறையேல்லை, நாங்கள் எண்ணுறதை நிப்பாட்டினம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது. கேள்விகள் தேநீருக்குப் பிறகு என்றார்கள். தேநீருக்குப் பிறகு நன்றியுரைதான் நடந்தது.

அடுத்த நாள் காலையிலேயே அறிக்கை தயாரித்தவர்களின் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். “உனக்கும் அதுதான் பாதுகாப்பு” என்றார் பணிப்பாளர், எனக்கு ஏதோ உபகாரம் செய்வதைப் போல. பாதுகாப்புக்காக நான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன். இரண்டாம் பதிப்பில் என் பெயர் இல்லை. சைபர் மட்டும் அப்படியே இருந்தது.