செல்வியின் கிட்டாரும் என் ஃபேன் கண்டன்சரும்

போன புதன்கிழமை சாயங்காலம் என் மோட்டார் வைண்டிங் பட்டறையில் இருந்தவர்கள்.

நான்.

மைக் செட் காதர். பக்கத்துக் கடை. டீ மட்டும் என் கடையில்.

துரைப்பாண்டி அண்ணன். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் கச்சேரி நடத்துகிறவர். கீபோர்டு வாசிப்பார்.

செல்வி. அவர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் மலை மேலே, கேரளப் பக்கம், ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற சோலி. விடியக்காலை ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் போடிக்கு இறங்குவாள்.

ஐந்தாவதாக மேஜை மேல் அவள் கிட்டார். சிவப்பு. செகண்ட் ஹேண்ட்.

துரைப்பாண்டி அண்ணன்தான் ஆரம்பித்தார். "போன கல்யாணத்துல பூரா இது இரைஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக, ஜெனரேட்டரா ஓடுதுன்னு கேட்டாக."

"நான் மைக்குக்குள்ள வண்டு பூந்துருச்சோன்னு கழட்டியே பாத்துட்டேன்" என்றான் காதர்.

செல்வி சிரிக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை மொதப் பாட்டு மட்டும் வாசி, ஆத்தா. இரைச்சல் வந்துச்சுன்னா எறங்கிரு. கிட்டார் சத்தத்த நான் கீபோர்டுலயே போட்டுக்கிருவேன். இனிமே எப்பவும்..."

அதற்கு மேல் சொல்லாமல் போய்விட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "முடியுமாண்ணே?"

முப்பது வருஷமாக மோட்டார் கட்டுகிறேன். கிட்டாரைத் திறந்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பாப்போம்" என்றேன்.

திறந்தேன். உள்ளே என்ன பெரிதாக இருக்கிறது? காந்தத்தைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி. அப்படி இரண்டு காயில். வால்யூமுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ், ஒரு கண்டன்சர். அவ்வளவுதான். காயில் நமக்குப் பழகின ஆள்.

கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. வாசிக்கிற கம்பிகளுக்கு வரவேண்டிய எர்த் வயர் விட்டுப்போயிருந்தது. மோட்டாருக்கு பாடி எர்த் இல்லையென்றால் ஷாக் அடிக்கும். கிட்டாருக்கு இல்லையென்றால் இரையும். ஈயம் வைத்தேன். காதரின் ஸ்பீக்கரில் சொருகிப் பார்த்தோம். பாதி இரைச்சல் போனது.

மீதி? கிட்டார் உடம்பு வெறும் மரப்பலகை. கதவில்லாத வீடு. சீரியல் லைட், கிரைண்டர் — கரண்ட் ஓடுகிற எதுவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பரோட்டா கடையில் பார்சல் கட்டுகிற சில்வர் பேப்பர் கேட்டு வாங்கி, காயில் உட்கார்கிற பள்ளம் முழுக்க ஒட்டினேன். அதில் ஈயம் பிடிக்காது. ஒரு ஸ்க்ரூவைப் போட்டு எர்த் வயரை அதோடு அழுத்தினேன்.

காதர் சீரியல் லைட்டைக் கொண்டுவந்து, கிட்டாருக்கு மாலை போட்ட மாதிரி சுற்றி, சுவிட்சைப் போட்டான். ஸ்பீக்கரில் இரைச்சலே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா?

"டோனத் திருகுனாலும் மாற மாட்டேங்குதுண்ணே. மெதுவாப் போற பாட்டுலயும் தகரத்தக் கீறுனாப்புல கீச்சுங்குது" என்றாள் செல்வி.

பழைய கண்டன்சர் செத்திருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஃபேன் சுற்றவில்லையா, கண்டன்சரை மாற்று. இன்னும் சுற்றவில்லையா, பெரிசாகப் போடு. மேஜையில் ஃபேன் கண்டன்சர் கிடந்தது. கிட்டாருக்குள் அடங்கவில்லை. வயரில் வெளியே தொங்கவிட்டேன்.

செல்வி வாசித்துக்கொண்டே டோனைக் குறைத்தாள். கீச்சு போனது. பிறகு பாட்டு போனது. பிறகு எல்லாமே போனது.

"மாப்ளே, இரைச்சல நிறுத்தச் சொன்னா கச்சேரியவே நிறுத்திப்புட்டியே" என்றான் காதர்.

கண்டன்சரைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

செல்வி அந்தக் கண்டன்சரைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கு என்னண்ணே வேலை?"

"கீச்சுச் சத்தத்த மட்டும் எர்த்துக்கு எறக்கி விடும்."

"பெருசாப் போட்டா?"

"கனத்த சத்தமும் சேந்து எறங்கிரும்."

"அப்ப இது சல்லடைண்ணே." அவள் முகம் மாறியது. "எங்க ஸ்டோர்ல எட்டு எம்எம் சல்லடையில போட்டா பெருங்காய் மேல நிக்கும், பொடிக்காய் கீழ போயிரும். நீங்க தேங்காயே விழுகுற ஓட்டையா வச்சுருக்கீக. சின்னக் கண்ணாப் போடுங்க."

முப்பது வருஷத்தில் கண்டன்சரைப் பற்றி எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

யோசித்தால், வீட்டிலும் நான் பார்த்தது அதே வைத்தியம்தான். பேச்சு எடுபடவில்லையா? இன்னும் சத்தமாகப் பேசு. எடுபட்டதா?

பழைய ரேடியோ போர்டுகளைத் தரையில் கொட்டினேன். பருப்பு சைஸ் கண்டன்சர்கள். ஃபேனில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. ஒவ்வொன்றாக நான் வைத்துப் பிடித்தேன். அவள் வாசித்தாள். காய் பொறுக்குகிற அதே முகம்.

"கழிவு."

அடுத்தது.

"ரெண்டாந்தரம்."

அடுத்தது.

"காய் தெரட்சிதான். பச்சை பத்தல."

ஒன்பதாவதில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வாசித்தாள். டோனைக் குறைத்தாள். கீச்சு மட்டும் இறங்கியது. பாட்டு சல்லடை மேலேயே நின்றது.

"மதிண்ணே" என்றாள். மலை மேல் வேலை பார்க்கிறவர்களுக்குப் 'போதும்' என்று வராது. மலையாளம்தான் முந்திக்கொள்ளும்.

ஈயம் வைத்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. காதரோடு வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்திக்கு இலை போட்டதும் பாட்டு ஆரம்பிக்கும். கடைசிப் பந்தி எழுகிறவரை நிற்கக் கூடாது. மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க சீரியல் லைட். பக்கத்திலேயே சமையல்கட்டு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

செல்வி கிட்டாரை மாட்டினாள். வயரைச் சொருகினாள். காதர் வால்யூமை ஏற்றினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

துரைப்பாண்டி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஆத்தா, இன்னும் ஆன் பண்ணலயா? வெரசாப் பண்ணு."

செல்வி ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள்.

சாம்பார் வாளியோடு குனிந்திருந்தவர் அப்படியே நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். இலையில் சாதம் காத்திருந்தது.

காதர் என் விலாவில் முழங்கையால் இடித்தான்.

பாட்டு முடிந்தது. பேச்சு ஒரு பாட்டுக்குத்தானே? செல்வி கிட்டார் வாரைக் கழற்றப் போனாள்.

துரைப்பாண்டி அண்ணன் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க போற? அடுத்தது மெதுவாப் போற பாட்டு. ஒன்னய வச்சுத்தான் ஆரம்பம். நில்லு."

செல்வி சுண்டுவிரலால் டோன் குமிழைத் தொட்டுக் கொஞ்சம் இறக்கினாள். என் பக்கம் பார்த்தாள். வாசித்தாள்.

அவளுக்குக் கொடுத்தது ஒரு பாட்டு. கடைசிப் பந்தி எழுகிறவரை சுவரில் சாய்ந்து எண்ணினேன்.

பதினான்கு.