வராத விளையாட்டுகளோடு வரக்காப்பொலவில்

இன்னும் வெளிவராத கொம்பியூட்டர் விளையாட்டுகளின் டெமோவை, அதாவது முன்னோட்டமாகத் தரும் முதல் அரை மணி நேரத்தை மட்டும் விளையாடிவிட்டு, முழுசும் தெரிந்தவன்போல் பேசுவதுதான் என் தொழில். பெரிய கம்பனி விளையாட்டுகளை நான் தொடுவதில்லை. ஓர் ஆள், இரண்டு ஆள் சேர்ந்து வீட்டிலிருந்தே செய்கிறார்களே, அவைதான். எங்கள் இறப்பர்த் தோட்டத்தில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்பதால், தினமும் பஸ் ஏறி வரக்காப்பொல டவுனுக்கு வருவேன். ரிஸ்வான் நானாவின் போன் திருத்தும் கடை மூலையில் லெப்டொப்பை விரித்து, தமிழில் வீடியோ போடுவேன். ஒரு டெமோ பிடித்துப்போய், முழு விளையாட்டு வருமா வராதா என்று மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

பெண் பார்க்கப் போனது

இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வேலை என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். அது பொய்யில்லை என்பதால் நானும் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் பெண்ணின் அப்பா தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். எதையும் சலிக்காமல் விடமாட்டார். "கொம்பியூட்டர்ல என்ன வேலைங்க தம்பி?" என்றார்.

"கேம் செய்யிறவங்க, அதை முடிக்கிறதுக்கு முன்னாடி முதல் கொஞ்சத்தை விளையாடக் குடுப்பாங்க. நான் விளையாடிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுவேங்க."

உள்ளே பெண் சிரித்தது கேட்டது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் அம்மாவிடம் கவலையோடு கேட்டார்: "ஏங்க, முழுசா குடுத்துப் பார்க்குற அளவுக்கு இவர இன்னும் யாரும் நம்பலையா?"

பங்களாப் பேய்

அது ஒரு பேய் விளையாட்டு. பாழடைந்த துரை பங்களாவின் குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், நாம் ஒளிந்திருக்க வேண்டும். செத்துப்போன வெள்ளைக்காரத் துரை விளக்கோடு தேடி வருவார். என் இயர்போன் கெட்டுப்போயிருந்ததால் சத்தத்தை ஸ்பீக்கரில் விட்டிருந்தேன். துரையின் சப்பாத்துச் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. ரிஸ்வான் நானாவின் கையிலிருந்த சின்ன ஆணி தெறித்து எங்கேயோ விழுந்தது. போட்டோகொபி எடுக்க வந்த டீச்சர், கடதாசிகளை மெஷினிலேயே விட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்திருந்த சுப்பையா அண்ணன். எங்கள் தோட்டத்துப் பங்களாவில் நெடுங்காலம் சமையல்காரராக இருந்தவர். கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். குசினிக் கதவு திறந்து துரையின் முகம் திரை முழுக்க வந்தபோது நானே கதிரையோடு பின்னால் போனேன். "பயமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அந்தத் தொர உசுரோட இருந்தப்பவே குசினிப் பக்கம் வந்திருக்க மாட்டாரு. செத்தப்புறம் எதுக்குப்பா வரப்போறாரு?"

நீலக் கதவு

ஒரு புதிர் விளையாட்டில் நீலக் கதவு ஒன்றின் முன்னால் மூன்று நாள் நின்றேன். அறையிலிருந்த பூச்சட்டிகளை எல்லா வரிசையிலும் அடுக்கிப் பார்த்தேன். கதவிலிருந்த கீறல்களை ஏதோ எழுத்து என்று எண்ணிக் கொப்பியில் வரைந்து, அரபு மாதிரி இருக்கிறதா என்று ரிஸ்வான் நானாவிடம் காட்டினேன். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். கடைசியில், இவ்வளவு ஆழமான புதிரை அண்மையில் கண்டதில்லை என்று உருகி ஒரு வீடியோ போட்டேன். அரநாயக்கவிலிருந்து பார்க்கும் ஒரு தங்கச்சிதான் முதல் ஆளாகக் கீழே எழுதினாள்: "அண்ணே, டெமோ அங்கேயே முடிஞ்சிருச்சு. அது கதவு இல்ல, கதவு படம்."

அம்மா பார்த்த டெமோ

இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு டெமோ வந்தது. கொழும்பில் தருஷி என்ற பெண்ணும் அவள் தம்பியும் செய்தது. திரையில் மழை அவ்வளவு அழகு. அந்த மழையில் நனைந்தபடி நாயகி மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டுவாள். புகழ்ந்து பேச நான் எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதை ஓடவிட்டபோது அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பால் வெட்டுகிறவர்.

"மழையில எவ பால் வெட்டுவா? எல்லாம் தண்ணியாகி பால் பிடிக்கிற சிரட்டை வழிஞ்சு ஓடும்" என்று ஆரம்பித்தார். நாயகி கத்தியை வைத்ததும், "இவ்வளவு ஆழமா வெட்டுனா மரம் செத்துப்போகும்" என்றார். நாயகி கால் வைத்த இடமெல்லாம் குற்றம். எனக்குக் குறும்பு தலைக்கேறியது. அம்மா பேசியதை அப்படியே பதிந்து வீடியோவாகப் போட்டுவிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் தருஷியின் இணையப் பக்கத்துக்கும் போய், மரத்தையே பார்க்காதவளுக்கு எதற்கு இந்த வேலை என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் தருஷியே எனக்குப் போன் எடுத்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினாள். மூன்று வருஷ வேலையாம். தமிழ் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பார்த்தாளாம், அம்மா சொன்னது எல்லாம் சரிதானாம். டெமோவை எடுத்துவிடப் போகிறாளாம். அதன் பிறகு குரல் உடைந்துபோனது. அன்றைக்கே வீடியோவை அழித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அழுதாளா? அப்ப அது அவளுக்கு வெளையாட்டு இல்ல. வரச்சொல்லு" என்றார்.

வந்தாள். விடியற்காலையில் அம்மாவோடு மலைக்கு ஏறினாள். அம்மா பாடமெல்லாம் எடுக்கவில்லை. பிடுங்கி எறியப் போகிற கிழட்டு மரமாகப் பார்த்துக் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். தருஷி முதல் வெட்டிலேயே பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டுவிட்டாள். பக்கத்து வரிசைப் பெண்கள் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் அவளும் சேர்ந்து சிரித்தாள். போகும்போது அம்மாவின் வசவுகளைப் போனில் பதிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

சில மாதம் கழித்துப் புது டெமோ வந்தது. மழை பெய்தால் நாயகி வீட்டில் இருக்கிறாள். ஆழமாக வெட்டினால் மரம் காய்கிறது, அடுத்த வரிசையிலிருந்து ஒரு பெண் அம்மாவின் குரலிலேயே ஏசுகிறாள். இந்தத் தடவை அம்மா மௌஸை என்னிடம் தரவேயில்லை. வேண்டுமென்றே மூன்று மரத்தை ஆழமாக வெட்டி, மூன்று தடவையும் ஏச்சைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொம்பள ரொம்பப் பொறுமையா பேசுறாளே, யாருடா இவ?"

அடுத்தவர் பாதி செய்து வைத்திருப்பதைப் பார்த்துக் குறை சொல்வதை வெளியே விமர்சனம் என்கிறார்கள், எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அதற்கு வாய்க்கொழுப்பு என்றுதான் பெயர்.