எயாலுவுக்குக் கிடைத்த அறை

எங்கள் டவுன் கவுன்சிலில் எயாலு பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். அதில் பதினாறு வருஷம் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. வராந்தாவில் ஒரு மேசை. சாரல் அடித்தால் அதே மேசை மாடிப்படிக்கு அடியில். காகிதத்தில் அவர் மாற்றுத்திறனாளிகள் குறைகேட்பு அலுவலர். ஊருக்கு அவர் வராந்தா ஆபீசர். மாலையில் கேழ்வரகு பீர்ப் பானையைச் சுற்றி நீளக் குழலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகள்கூட விடமாட்டார்கள். "ஆபீசர் வர்றாரு, ஓரமா எடம் விடுங்கப்பா. நடுவுல உக்காந்தா அவருக்கு ஒத்துக்காது."

பிறகு கவுன்சிலுக்குப் புதுக் கட்டடம் வந்தது. வரைபடத்தில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒரு கழிப்பறை இருந்ததால் அதையும் கட்டினார்கள். அகலக் கதவு, சாய்தளம், உள்ளே வண்டியைத் திருப்ப இடம், சுவரில் கைப்பிடிக் கம்பி, எல்லாம் சுத்தமாக அமைந்துவிட்டது. திறப்பு விழாவன்று தலைவர் ஒபொலோட் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒரு கக்கூசுக்கு இவ்ளோ பெரிய ரூமா? நம்ம எயாலு வெளியில நனைஞ்சுக்கிட்டுக் கெடக்குறாரு" என்று சாவியைத் தூக்கி எயாலு கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனசோடுதான் கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எயாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி அகிதெங் பூப்போட்ட திரை தைத்துக் கொடுத்தாள். திரைக்குப் பின்னால் கழிப்பறைப் பீங்கான், அதன் மூடிமேல் கோப்புகள், கைப்பிடிக் கம்பியில் குடையும் கோட்டும். ஒருமுறை தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு வந்தது. மாவட்டத்திலேயே சக்கர நாற்காலி நேராக நுழையக்கூடிய ஒரே அலுவலகம் இதுதான் என்று பாராட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாப் படத்திலும் எயாலு சிரித்துக்கொண்டிருக்கிறார். திரையை ஒருவரும் விலக்கிப் பார்க்கவில்லை.

அந்த அறைக்குள்தான் போன வருஷம் அமுகே வந்தாள். பஸ் நிலையத்தில் கோழித் தீவனம் விற்பவள், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்காரி. கவுன்சிலில் மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கென்று ஒதுக்கிய உறுப்பினர் இடத்தில் சில மாதம் முன்புதான் ஜெயித்திருந்தாள். வண்டி சரேலென்று உள்ளே வந்து ஒரு வட்டம் அடித்து மேசைக்கு எதிரே நின்றது.

"ரூம் ரொம்ப சௌகரியம் ஐயா. இந்த மாதிரி சுத்தித் திரும்ப ஊர்ல வேற எடமே கெடையாது."

"உங்களுக்குன்னு கட்டுனதுதானேம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு எயாலு இருமினார்.

"ஒரு குறை எழுதணும். கூட்டம் இருக்குற அன்னிக்கு நான் முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்கிறதில்ல. அப்படியும் மத்தியானம் ஒரு மணிக்கு மேல தாங்க முடியல. வீட்டுக்கு ஓடுறேன், திரும்பி வர்றதுக்குள்ள ஓட்டெடுப்பு முடிஞ்சிருது. இதக் கண்டுபிடிச்சதுல இருந்து, நான் எதிர்ப்பேன்னு தெரிஞ்ச விஷயத்த எல்லாம் தலைவர் மத்தியானத்துக்குத் தள்ளி வைக்கிறாரு. புதுக் கட்டடத்துல எங்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுனாங்களாமே, அது எங்க இருக்கு?"

மின்விசிறிக் காற்றில் திரை மெல்ல விலகப் பார்த்தது. எயாலு காலை நீட்டி அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டார்.

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

வந்த குறைக்கு ஏழு நாளில் பதில் எழுதிவிடுவார், அதில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்தத் தடவை ஆறு நாள் தூக்கம் வரவில்லை. வேறு கழிப்பறை கட்ட இடம் தேடிப் பின்பக்கச் சந்தின் அகலத்தை அளந்து பார்த்தார், சைக்கிள் கொட்டகையை அளந்து பார்த்தார், எதிலும் வண்டி திரும்பாது. தலைவரிடம் போனால் அவர் சிரித்தார். "'பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதுங்க. அந்த ரெண்டு வார்த்தைய வச்சே இந்த ஊர் எத்தன வருஷம் ஓடியிருக்கு."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அகிதெங் களி கிளறுவதை நிறுத்தவில்லை.

"என் புருஷனுக்கு ரூம் வந்திருச்சுன்னு சர்ச்சு முழுக்கச் சொன்னவ நான். கக்கூசுக்குத் திரை தைச்சவளும் நான்தான். அந்தப் பொம்பள தண்ணி குடிக்காம உக்காந்திருக்கான்னு தெரிஞ்ச பெறகு இந்தக் களி என் தொண்டையில இறங்குமா? திரையக் கழட்டிக் கொண்டாங்க, சமையல்கட்டு ஜன்னலுக்கு ஆகும்."

ஏழாம் நாள் எயாலு கதவைச் சாத்திக்கொண்டு காகிதத்தை எடுத்து வைத்தார். இனி வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை வராந்தாதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு எழுதினார்: "குறை நியாயமானது. கழிப்பறை இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்று மாலைக்குள் காலி செய்கிறேன்."

கடிதத்தை அவரே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அமுகே படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"கம்பியில கோட்டு தொங்குனப்பவே எனக்குத் தெரியும் ஐயா. உங்க கையால எழுதுவீங்களான்னுதான் பாத்தேன்."

"எழுதலன்னா?"

"திரைக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேட்டு அடுத்த குறை குடுத்திருப்பேன்."

அடுத்த கூட்டத்தின் கடைசி விஷயம், குறைகேட்பு அலுவலருக்கு இடம் ஒதுக்குவது. அது வரும்போது மணி ஐந்தரை. தலைவர் கொட்டாவி விட்டபடி, "இது அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும்" என்றார்.

அமுகே கை தூக்கினாள். "உங்க ரூமுக்குப் பக்கத்துல விருந்தாளி ரூம் ஒண்ணு பூட்டியே கெடக்கு. அதக் குடுத்திரலாம்."

"அதுல சோபா போட்டிருக்கும்மா."

"சோபாவுக்கு ஏதாவது குறை இருந்தா எயாலுகிட்ட எழுதிக் குடுக்கட்டும்."

சபை சிரித்தது, தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடிகாரத்தைக் காட்டினார். "நேரமாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போக வேணாமா?"

அமுகே பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எல்லோர் முன்னாலும் அண்ணாந்து பாதி பாட்டிலை மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஆற அமரப் பேசுங்க ஐயா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இருட்டுற வரைக்கும் உக்காருவேன்."

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பசி நேரம். ஒரு கை எழுந்தது, பிறகு நாலு, பிறகு எல்லாக் கையும், கடைசியாகத் தலைவரின் கையும்.

கூட்டக் குறிப்பு எழுதுவதும் எயாலுவின் வேலைதான். யார் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். தனக்கு அறை கிடைத்த சந்தோஷத்தில் தீர்மானத்தை இரண்டு தரம் அடித்து எழுத வேண்டியிருந்தது. அமுகேயின் பெயருக்கு வந்தபோது மட்டும் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: கூட்டம் முடியும்வரை இருந்தார்.