காய் விடத் தெரியாத மருமகள்

சாம்பமூர்த்தி குருக்கள் தாயில்லாத தன் ஒரே பெண் பாகம்பிரியாளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அங்கே போனால் கெட்ட பேச்சும் பேனும்தான் வீடு வந்து சேரும் என்பது அவர் கட்சி. உச்சிக்கால பூஜை முடிந்து வந்து அவரே கணக்கும் தேவாரமும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார். வகுப்பில் ஒரே மாணவி. முதல் ராங்க்கும் அவளே, கடைசி ராங்க்கும் அவளே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் சன்னதித் தெருவில் இன்னொரு குருக்கள் வீட்டுக்கு மருமகளானாள். போன புதிதிலேயே வினை வந்தது. நைவேத்தியத்துக்கு வைத்திருந்த வடையில் ஒன்றைக் காணோம். குருக்கள் வீட்டில் அது லேசுப்பட்ட குற்றமில்லை. "யார் தின்னது?" என்று மாமியார் பொதுவாகக் கேட்டாள்.

"உண்ணாமுலை," என்றாள் பாகம்பிரியாள், பளிச்சென்று. கேள்வி கேட்டால் பதில் சொல்வதுதான் அவள் படித்த படிப்பு. வாத்தியார் கேட்டாலும் நாற்பது பேர் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளலாம் என்பது பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அல்லவா தெரியும்!

ஏழாம் வகுப்பு படிக்கும் நாத்தனார் உண்ணாமுலை, குட்டு வாங்கிய தலையைத் தடவிக்கொண்டே சுண்டு விரலை நீட்டினாள். "காய்."

"அப்படின்னா?"

"இனிமே உங்களோட பேச மாட்டேன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா மன்னி?" பேசிவிட்டது அப்புறம்தான் உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாகம்பிரியாளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதி இவள்தான். அதுவும் போய்விட்டால்?

அடுத்த வாரம் ஊறுகாய் ஜாடி உடைந்தது. உடைத்தது யார் என்று அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். மாமியார் கேட்டாள்.

"பூனைம்மா."

"நம்மாத்துல ஏது பூனை?"

"பக்கத்தாத்துப் பூனை."

வாழ்நாளின் முதல் பொய். கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு விரல்கள் நீண்டன. "பழம், மன்னி."

பொங்கல் சீரோடு அப்பா வந்தார். வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்துக்கு நேரே சுண்டு விரலை நீட்டினாள். அவர் யோசிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே இரண்டு விரலை நீட்டிவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம என்ன? நான் ஸ்கூல்ல படிச்சவன்."

"எனக்கு ஏன் சொல்லிக் குடுக்கலை?"

குருக்கள் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். "நம்மாத்துல நீ யாரோடம்மா காய் விடுவே?"

உண்மைதான். அதனால்தான் அவளுக்குக் கோபம் ஜாஸ்தியாக வந்தது. பிற்பாடு தன் பெண்ணை ஐந்து வயது நிறைந்ததுமே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தள்ளியதும் அந்தக் கோபத்தில்தான்.

அப்பா கொண்டுவந்த கரும்பைத் தின்று தீர்க்கும்வரை அவருக்கு அவள் பழம் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்த உண்ணாமுலையும், மன்னிக்காக, அவரோடு காய்.