இடது கைக்கு ஒரு பேன்கேக்

முட்டையின் வெள்ளைக்கருவும் பச்சிலையும் துணியில் காய்ந்தால் ஒரு வாசனை வரும். ஈரச் சுவரும் கிழித்த இலையும் கலந்த மாதிரி... ஆந்திர எல்லையில், புத்தூரில் எங்கள் வீட்டு முன்னறைகள் இரண்டிலும் எப்போதும் அந்த வாசனைதான்.

கை கால் உடைந்தவர்கள் எங்கள் ஊர் வைத்தியர்களிடம் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருவார்கள். இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிறவர்களுக்கு என் அப்பா, நைனா, அந்த அறைகளை விட்டிருந்தார், காலை டிபனும் சேர்த்து. இன்று அதை 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்கிறார்கள். அன்று அதற்குப் பெயர் எதுவும் இல்லை.

திருப்பதியில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். அக்காவின் பிரசவத்துக்காக அம்மா சித்தூர் போயிருந்ததால் சமையல் என் தலையில். எக்ஸ்ரேயை நம்புகிறவள் நான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதில் பெரிய நம்பிக்கை கிடையாது. அதை வெளியில் சொன்னதும் கிடையாது.

வலது கையில் கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் தொல்லை. ஒரு கையால் இட்லியை ஸ்பூனால் வெட்டப் போனால் தட்டு நகரும். ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பேன்கேக் செய்முறை படித்து, உள்ளங்கை அளவில் வார்த்துப் பார்த்தேன். வாழைப்பழம் மசித்துப் போட்டு ஒரு நாள், கேழ்வரகில் ஒரு நாள், வெங்காயமும் சீரகமும் போட்டு ஒரு நாள். துண்டு போட்டு ஸ்பூனோடு வைத்தால் எல்லோரும் எப்படியோ சாப்பிட்டுவிடுவார்கள்.

சபாபதி சார் சாப்பிடவில்லை.

சென்னைக்காரர். அறுபது வயதிருக்கும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டுப் போடவைத்து எங்கள் வீட்டில் விட்ட மகன், மூன்று நாளில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அப்பாக்கு சுகர் இருக்குங்க. காலைல மாத்திரை போட்டதும் சாப்பிட்டுடணும். இல்லன்னா மயக்கம் வந்துடும். கொஞ்சம் பாத்துக்கோங்க."

அதுவரை யாரும் என்னிடம் ஓர் உயிரை ஒப்படைத்ததில்லை.

"ஆந்திரால இருந்துக்கிட்டு இவ்ளோ நல்லாத் தமிழ் பேசறீங்களே" என்று சபாபதி சார் நைனாவிடம் ஆச்சரியப்பட்டார்.

"மாநிலத்துக்குக் கோடு போட்டவங்க எங்களக் கேட்டா சார் போட்டாங்க? நாங்க இருந்த எடத்துலயேதான் கீறோம்" என்றார் நைனா.

சபாபதி சார் சிரித்தார். அன்றைக்குப் பால் மட்டும் போதும் என்றார்.

மறுநாள் காலை, மாத்திரை அட்டையைப் பிரிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்டது. பத்து நிமிடம் கழித்துப் போனேன். ஸ்பூனோடு தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"சாப்பிடலையா சார்?"

"பசிக்கலம்மா."

கூடத்தில் எதிரே முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். சூளூர்பேட்டை லாரி டிரைவர், காலில் கட்டு. அவர் சும்மா இருக்கிறவர் இல்லை. "கையிதானே சார் ஒடஞ்சிச்சு? வாயி நல்லாத்தானே கீது?"

"இடது கையால சாப்பிட்டுப் பழக்கமில்லப்பா. நாலு பேர் எதிர்ல வேற..."

"அப்ப நா ஊட்டி வுடறேன். உங்குளுக்குக் கையி, எனுக்குக் காலு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு."

"வேணாம்ப்பா." அதற்குமேல் பேச முடியாத குரல் அது.

கேழ்வரகுக் கூழை டம்ளரில் கொண்டுபோனேன். "ஜுரத்துல கெடக்கறவனுக்குக் குடுக்கறதும்மா இது" என்று ஒரு வாயோடு வைத்துவிட்டார்.

மாத்திரை போட்டு இருபது நிமிடம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் நெற்றியில் வியர்வை. விரல்கள் நடுங்குகிற மாதிரி... இல்லை, என் கண்ணுக்குத்தான் அப்படியா? சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்தேன். கொடுத்தால் வாங்குவாரா என்று சந்தேகம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும் என்று எழுதி மார்க் வாங்கியவள் நான். அந்தப் படிப்பு அன்று பயத்தை மட்டும்தான் கூட்டியது.

ஸ்பூன் ஆகாது. ஊட்டக்கூடாது. இடது கையும் படக்கூடாது.

கோதுமை மாவில் மோர் ஊற்றி மெல்லிசாக வார்த்தேன். சுருட்டியதும் கிழிந்தது. கெட்டியாக வார்த்தது மடித்த இடத்தில் விண்டது. மூன்றாவது கருகிப்போனது. நாலாவதற்குக் கொஞ்சம் மைதா சேர்த்தேன், சுருண்டு நின்றது. வாழை இலையை நறுக்கி, அனலில் வாட்டி, அதைச் சுற்றி, நுனி மட்டும் வெளியே தெரிய நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"பேன்கேக் சார்."

"கேக்கா? எனக்கு சுகர்ம்மா."

"இனிப்பு இல்ல சார். பேருதான் கேக்."

"எலயத்தானே சார் புடிக்கப் போறீங்க?" என்றார் முனிரத்தினம். "டிபனத் தொடவே இல்லன்னு நா சாட்சி சொல்றேன். தினண்டி சார், சாப்புடுங்க."

சபாபதி சார் சிரிக்கவில்லை. இடது கையில் வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து, நாற்காலியைக் காலால் சுவர்ப் பக்கம் தள்ளித் திருப்பி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

முனிரத்தினத்தால் நகர முடியாது. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ரேணிகுண்டா ரோட்டில் டயர் வெடித்த கதையைச் சத்தமாக ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கதையில் லாரி இன்னும் பள்ளத்திலேயே இருந்தது, சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இன்னொண்ணு இருக்காம்மா?"

நாலு சாப்பிட்டார்.

"துன்னாரா?" என்று சமையலறை வாசலில் நைனா.

"துன்னாரு நைனா." கலந்து வைத்த சர்க்கரைத் தண்ணீரை நானே குடித்தேன்.

ஊருக்குப் போகும்வரை அதே நாற்காலி, அதே சுவர். மகன் வந்து அழைத்துப் போனார். வீட்டில் மருமகள் எதிரில், பேரப்பிள்ளைகள் எதிரில் எப்படிச் சாப்பிட்டாரோ... தெரியாது.

போன மாதம் திருப்பதியில் ஒரு ஹோட்டலில் காலை பஃபே. பேன்கேக்குக்கு மட்டும் தனி கவுண்டர். சாக்லேட், தேன், மாம்பழம். எல்லோர் வலது கையிலும் போன், சுருட்டிய பேன்கேக் இடது கையில். பெரியவர்களும் அப்படித்தான். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. நல்லதுதான். அந்தக் கூச்சம் ஒரு மனிதரைச் சாய்க்கப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம், நாலு பேர். ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் பார்க்கவில்லை. எங்கள் கூடத்தில் அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ள நாங்கள் எவ்வளவோ பாடுபட்டோம். இங்கே அது தானாகவே நடந்துகொண்டிருந்தது.

அதில் கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயது இருக்கும். தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. அவள் முதல் வாய் எடுக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.